58 வயதில் பந்தாட்டம்! மியூரா செய்தது சரியா?

58 வயது ஆன ஒரு மனிதர் என்ன செய்வார்?

வேலையில் இருந்து ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிப்பார். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்பார். பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்.

ஜப்பான் நாட்டில் ஒருவர் அந்த வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, தன் மகன் வயது இளைஞர்களோடு கால்பந்து ஆடினார். வேடிக்கைக்காக அல்ல. சம்பளம் வாங்கும் தொழில் ஆட்டக்காரராக!

அவர் பெயர் கஸுயோஷி மியூரா. ஜப்பானியர்கள் அவரைச் செல்லமாக "கஸு" என்று கூப்பிடுவார்கள். "ராஜா கஸு" என்றும் சொல்வார்கள்.

2025ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டின் நாலாம் படிப் போட்டியில், அத்லெதிகோ சுசுகா என்ற அணிக்காக அவர் மைதானத்தில் இறங்கினார்.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்.

"என்ன மன உறுதி! இவர் அல்லவா வீரர்!" என்று சிலர் கை தட்டுகிறார்கள்.

"போதும் ஐயா! இளைஞர்களுக்கு வழி விட வேண்டாமா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

இதில் எது நியாயம்? அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

15 வயதில் பிரேசில் பயணம்

மியூரா 1967ஆம் ஆண்டு பிப்ரவரி 26ந் தேதி ஷிஸுவோகா என்ற ஊரில் பிறந்தார்.

அந்தக் காலத்தில் ஜப்பானில் கால்பந்துக்கு அவ்வளவு மதிப்புக் கிடையாது. "பேஸ்பால்" என்ற ஆட்டம்தான் மக்களின் ஆட்டம். கால்பந்துப் போட்டி நடக்கத்தான் செய்தது. 1965ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு லீக் தொடங்கினார்கள். ஆனால் ஆடியவை எல்லாம் கம்பெனி அணிகள். பகலில் கம்பெனி வேலை, மற்ற நேரத்தில் பந்து. இதுதான் ஆட்டக்காரர்களின் நிலைமை.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் மூன்றாவது பரிசு வாங்கியது. அதோடு சரி. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெயர் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட நாட்டில், 15 வயதுப் பையன் ஒருவன், "நான் பந்தாட்டத்தையே தொழிலாகக் கொள்வேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மியூரா சொன்னார். உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட முடியவில்லை. படிப்பை விட்டார். 1982ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக்குப் போய்விட்டார்!

பிரேசில் எங்கே, ஜப்பான் எங்கே? பூமி உருண்டையில் ஒன்றுக்கு ஒன்று நேர் எதிரான பக்கம். பையனுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. பிரேசில்காரர்களோ, நடக்கப் பழகும்போதே பந்து உதைக்கப் பழகுகிறவர்கள். "ஜப்பான்காரனுக்குப் பந்து வருமா?" என்று கேலி செய்தார்கள்.

சாவ் பாவ்லோ நகரில் ஒரு சங்கத்தின் சிறுவர் அணியில் அவர் சேர்ந்தார். மனம் உடைந்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்த நாட்களும் உண்டு.

அந்தச் சமயத்தில் ஒரு பூங்காவில் ஏழைச் சிறுவர்கள் பந்து ஆடுவதைப் பார்த்தாராம். காலில் செருப்பு இல்லை. பந்தும் கிழிந்த பந்து. ஆனாலும் அவர்கள் முகத்தில் அவ்வளவு சிரிப்பு! "எனக்குச் செருப்பும் இருக்கிறது, பந்தும் இருக்கிறது. நான் ஏன் ஓடவேண்டும்?" என்ற எண்ணம் வந்தது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

அவர் ஓடவில்லை. 1986ஆம் ஆண்டு சான்டோஸ் சங்கம் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. உலகம் புகழ்ந்த பெலே ஆடிய அதே சான்டோஸ்! பிறகு சிறிதும் பெரிதுமாகப் பல சங்கங்களில் ஆடினார். 1988ஆம் ஆண்டு கொரிந்தியன்ஸ் என்ற பெரிய அணிக்கு எதிராகக் கோல் போட்டார். கேலி செய்த வாய்கள் மூடிக்கொண்டன.

நாடே கொண்டாடியது

1990ஆம் ஆண்டு மியூரா தாய்நாட்டுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 23.

1992ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் ஜப்பான் முதல் தடவையாக வெற்றி பெற்றது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் மியூராதான்.

1993ஆம் ஆண்டு மே மாதம் 15ந் தேதி, "ஜே லீக்" என்ற புதிய தொழில்முறைப் போட்டி பிறந்தது. மொத்தம் 10 அணிகள். டோக்கியோ தேசிய மைதானத்தில் முதல் ஆட்டம். மியூராவின் வெர்டி கவாசாகி அணி அன்று 2-1 என்ற கணக்கில் தோற்றது. ஆனால் அந்த ஆண்டு முடிவில் கோப்பையை வாங்கியது வெர்டிதான். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் பரிசும் மியூராவுக்கே!

பரிசு வாங்க எப்படி வந்தார் தெரியுமா? பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் சூட் அணிந்து, ஒரு சினிமா நட்சத்திரம்போல வந்தார்.

கோல் போட்டால் சும்மா இருக்கமாட்டார். மைதானத்தின் ஓரத்துக்கு ஓடுவார். கால்களை வேகமாக மாற்றி மாற்றிப் போட்டு ஒரு நடனம் ஆடுவார். பிரேசிலில் கற்ற நடனம். அதற்குக் "கஸு நடனம்" என்றே பெயர் வந்துவிட்டது. தெருவில் ஆடும் பிள்ளைகள்கூட, கோல் போட்டால் அந்த நடனத்தை ஆடிக் காட்டினார்கள்.

அடக்கமாக இருக்கவேண்டும், தனித்துத் தெரியக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் நாடு ஜப்பான். அந்த நாட்டில் ஒருவர் சிவப்புச் சட்டை போடுகிறார், நடனம் ஆடுகிறார். மக்கள் கோபிக்கவில்லை. கொண்டாடினார்கள்! ஏன்? மைதானத்துக்கு வெளியே ஆடம்பரமாக இருந்தாலும், பயிற்சியில் அவரைவிட உழைத்தவர் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

மியூராவுக்கு ஓர் ஆசை. உலகக் கோப்பைப் போட்டியில் ஆட வேண்டும்!

1993ஆம் ஆண்டு அக்டோபர் 28ந் தேதி. கத்தார் நாட்டின் தோஹா நகரம். ஜப்பானும் ஈராக்கும் மோதின. ஜெயித்தால் 1994 உலகக் கோப்பைக்குப் போகலாம். அதுவரை ஜப்பான் ஒரு தடவைகூட அங்கே போனது இல்லை.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மியூரா கோல் போட்டார். கடைசிவரை ஜப்பான் 2-1 என்று முன்னணியில் இருந்தது. 90 நிமிடம் முடிந்துவிட்டது. இன்னும் சில விநாடிகள்தான் பாக்கி.

அப்போது ஈராக் ஒரு கோல் போட்டது! 2-2!

ஜப்பான் ஆட்டக்காரர்கள் அப்படியே புல்தரையில் விழுந்தார்கள். நள்ளிரவில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் அழுதன. "தோஹா துயரம்" என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

மறு ஆண்டு மியூரா இத்தாலிக்குப் போனார். ஜெனோவா அணியில் சேர்ந்தார். இத்தாலியின் முதல் டிவிஷனில் ஆடிய முதல் ஜப்பானியர் அவர்தான். முதல் ஆட்டமே பலம் பொருந்திய மிலான் அணியுடன். அதில் பரேசி என்ற பெரிய ஆட்டக்காரருடன் மோதி மூக்கில் பலத்த அடி. "ஜப்பான் கம்பெனிகளின் விளம்பரப் பணத்துக்காக இவரை வாங்கினார்கள்" என்ற பேச்சு வேறு. 21 ஆட்டங்களில் ஒரு கோல்தான் போட்டார். ஓர் ஆண்டில் திரும்பி வந்தார்.

தோல்விதானா? ஒரு விதத்தில் தோல்விதான். ஆனால் 1998ஆம் ஆண்டு ஹிடெடோஷி நகாடா இத்தாலிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே 2 கோல் போட்டுப் பெயர் வாங்கினார். முள்ளில் முதலில் கால் வைத்தவர் மியூரா. பாதை ஆன பிறகு நடந்தவர்கள் மற்றவர்கள்.

1997ஆம் ஆண்டு மறுபடியும் தகுதிப் போட்டி. உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக மியூரா ஒருவரே 4 கோல் போட்டார். நவம்பர் 16ந் தேதி மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஈரானை ஜெயித்து, ஜப்பான் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

கனவு பலிக்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

1998ஆம் ஆண்டு ஜூன் 2ந் தேதி. அணி சுவிட்சர்லாந்தில் பயிற்சியில் இருந்தது. 25 பேரில் 22 பேருக்குத்தான் இடம். பயிற்சியாளர் ஒகாடா பட்டியலைப் படித்தார். அதில் மியூராவின் பெயர் இல்லை!

உலகக் கோப்பை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். ஜப்பான் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. "கஸு இருந்திருந்தால்!" என்று ஜனங்கள் புலம்பினார்கள்.

தன் நாட்டுக்காக 89 ஆட்டங்களில் 55 கோல் போட்டவர் மியூரா. அவர் உலகக் கோப்பைப் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆடியது இல்லை. இதுதான் அவர் கதையின் சோகம்.

இறங்கி இறங்கி நடந்தார்

அப்போது அவருக்கு வயது 31. வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? பயிற்சியாளரைத் திட்டிப் பேட்டி கொடுத்திருப்பார். அல்லது கோபித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டிருப்பார்.

மியூரா குரோவேஷியா நாட்டுக்குப் போய் ஆடினார். பிறகு கியோட்டோ, அப்புறம் கோபே, 2005ஆம் ஆண்டில் யோகோஹாமா எப்.சி.

இந்த யோகோஹாமா எப்.சி. ஒரு விசித்திரமான சங்கம். தங்கள் பழைய அணி வேறோர் அணியோடு சேர்க்கப்பட்டு மறைந்துபோனதால், ரசிகர்களே கூடித் தொடங்கிய சங்கம் அது. அப்போது இரண்டாவது டிவிஷனில் இருந்தது. ராஜா என்று பெயர் வாங்கியவர், அந்தஸ்து பார்க்காமல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ந் தேதி ஜப்பானைப் பூகம்பமும் கடல் அலையும் தாக்கின. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். அந்த மாதம் 29ந் தேதி, ஓசாகா நகரில் நிவாரண நிதிக்காக ஓர் ஆட்டம் நடந்தது. தேசிய அணியை எதிர்த்து ஜே லீக் ஆட்டக்காரர்களின் அணி. 44 வயது மியூரா மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். கோல் போட்டார். நடனம் ஆடினார்!

வீடு இழந்து, உறவு இழந்து நின்ற ஜனங்கள், பல நாட்களுக்குப் பிறகு அன்று சிரித்தார்கள். அந்த ஒரு கோலுக்கு எந்தக் கோப்பை ஈடாகும்?

2017ஆம் ஆண்டு மார்ச் 5ந் தேதி, 50 வயது 7 நாள் ஆனபோது ஆடி, இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ் 1965ஆம் ஆண்டில் வைத்த சாதனையை முறியடித்தார். மாத்யூஸ் கடைசியாக ஆடியபோது அவருக்கு வயது 50, நாள் 5. ஒரு வாரம் கழித்து மியூரா கோலும் போட்டார்!

எதிர்ப்பவர்களின் வாதம்

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

2021ஆம் ஆண்டு, முதல் டிவிஷனில் மியூரா இறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில். அதுவும் ஆட்டம் முடியும் நேரத்தில். இதற்கு என்ன அர்த்தம்? சாதனைக் கணக்கு ஏறும். பத்திரிகையில் படம் வரும். டிக்கெட் விற்கும். ஆனால் அணிக்கு என்ன லாபம்?

ஓர் அணியில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 54 வயதுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தால், 20 வயதுப் பையன் ஒருவன் வெளியே நிற்கிறான். அந்தப் பையனுக்கும் 15 வயதில் ஒரு கனவு இருந்திருக்கும் அல்லவா?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஒரு நிமிடம் ஆடுவதற்காக ஓர் இடத்தைப் பிடித்து வைப்பது விளையாட்டு அல்ல, காட்சி. அதைத் தவறு என்றே சொல்லவேண்டும். பேரும் பணமும் வருகிறதே என்று அப்படி வைத்திருக்கும் சங்கத்துக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

ஆனால் மியூரா அடுத்து என்ன செய்தார் என்பதைப் பார்க்கவேண்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது.

நாற்காலி வேறு, மைதானம் வேறு

பெரிய அணியிலேயே அவர் ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டு, தன் அண்ணன் பயிற்சியாளராக இருந்த சுசுகா அணிக்குப் போனார். அது நாலாம் படி! சிறிய ஊர், சிறிய மைதானம். ஏன் போனார்? அங்கேதான் உண்மையாக ஆட முடியும் என்பதற்காக.

அந்த ஆண்டு நவம்பரில், 55 வயதில் பெனால்டி அடித்துக் கோல் போட்டார். அதற்கு முந்திய மாதம் டோக்கியோ தேசிய மைதானத்தில் அந்த அணி ஓர் ஆட்டம் ஆடியது. பார்க்க வந்தவர்கள் 16 ஆயிரத்துக்கும் அதிகம்! நாலாம் படி ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று எல்லோரும் வியந்தார்கள். மறு ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் இரண்டாம் டிவிஷனுக்குப் போனார். 2024ஆம் ஆண்டு மறுபடியும் சுசுகா.

பதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் மேலே இருந்து கீழே இறங்கச் சம்மதிக்கமாட்டார்கள். நாற்காலியோடு சேர்த்துத்தான் அவர்களைத் தூக்க வேண்டும்!

மியூரா அப்படி அல்ல. அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். முதல் டிவிஷனில் இருந்து இரண்டாவது. அங்கே இருந்து நாலாவது. அந்தஸ்தை விட்டார், ஆட்டத்தை விடவில்லை. நாற்காலியில் ஆசை உள்ளவன் இறங்கமாட்டான். தொழிலில் ஆசை உள்ளவன்தான் இறங்குவான்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். முதல் டிவிஷனில் ஒரு நிமிட ஆட்டம் சரி அல்ல. நாலாம் படியில் 58 வயது ஆட்டம் சரி! அங்கே அவர் இளைஞனின் வழியை மறிக்கவில்லை. அவர் பெயருக்காக ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். அவரோடு ஆடிய பெயர் தெரியாத இளைஞர்களையும் சேர்த்துத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையைப் படித்துவிட்டு, "நானும் பள்ளிக்கூடத்தை விடுகிறேன்" என்று வீட்டில் ஒரு பையன் கிளம்பலாம். அவனுக்கு ஒன்று சொல்லவேண்டும்.

ஊரை விட்டும் படிப்பை விட்டும் போன ஆயிரம் பேரில் ஒருவர்தான் மியூரா ஆகிறார். மற்றவர்களைப் பற்றி யாரும் எழுதுவது இல்லை. அவர் படிப்பை விட்டதால் ஜெயிக்கவில்லை. விட்ட பிறகு ஒரு நாள்கூட உழைப்பை விடாததால் ஜெயித்தார். மேலும் இன்று ஜப்பானில் பையன்கள் பந்து ஆடுவதற்காகப் பூமியின் மறுபக்கம் ஓடவேண்டியது இல்லை. 10 அணிகளோடு தொடங்கிய ஜே லீக், 2023ஆம் ஆண்டில் 60 சங்கங்களாக வளர்ந்தது. ஊருக்கு ஊர் மைதானம், பயிற்சி எல்லாம் வந்துவிட்டன.

அப்படி வருவதற்குக் காரணமானவர்களில் ஒருவர் மியூரா. 1998ஆம் ஆண்டு முதல் ஜப்பான் ஒரு உலகக் கோப்பையையும் தவறவிடவில்லை. தான் போக முடியாத இடத்துக்குத் தன் நாட்டுப் பிள்ளைகள் போக அவர் வழி செய்தார்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். விளையாட்டு வீரர்களின் புகழும் பெரும்பாலும் அப்படித்தான். இவர் புகழ் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறதே, ஏன்?

கோல் கணக்கினால் அல்ல. அவரைவிட அதிகக் கோல் போட்டவர்கள் உண்டு. ஜப்பானில் காலையில் வேலைக்குப் போகும் ஒரு சாதாரண மனிதர் மியூராவைப் பார்க்கிறார். கைக்கு எட்டிய பெரிய பரிசு இவருக்கும் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். கிடைக்காமல் போன பிறகும், மறுநாள் காலையில் எழுந்து பூட்ஸைக் கட்டிக்கொண்டு போனாரே, அதுவும் அவருக்குத் தெரியும்.

கோப்பை வாங்கியவர்களை ஜனங்கள் புகழ்வார்கள். வாங்காமலே உழைப்பவரைத் தங்களில் ஒருவராக நினைப்பார்கள். அதனால்தான் அவர் ராஜா!